வலி தெரியாத குழந்தை

வலியே தெரியாத குழந்தை பாக்கியசாலி என்று தோன்றலாம். உண்மையில் அது அபூர்வமான பிறவி நோய். கை வெந்தாலும் குழந்தை வலித்து அழாது. வியர்வை சுரக்காததால் காய்ச்சலும் எளிதில் தணியாது.

காரணம் என்ன? வலியறியும் நரம்பணுக்கள் கருவிலேயே மடிந்துவிட்டன. தோல் முதலிய உறுப்புகளில் சுரக்கும் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதம், நரம்பு நுனியிலுள்ள ‘ட்ராக்-ஏ’ ஏற்பியைப் பற்ற வேண்டும். பற்றியதும் இரண்டு ஏற்பிகள் இணைந்து ஒன்றையொன்று தூண்டும். ‘பிழைத்திரு’ என்ற செய்தி நரம்பிழை வழியே உயிரணுவின் உட்கருவை எட்டும். ஏற்பியின் மரபணு பழுதானால் செய்தி போகாது; அணு மடியும்.

இக்காரணியை 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கண்டறிந்தவர் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி-மான்டால்சினி. 1938இல் யூதர் என்பதால் பணி மறுக்கப்பட்டு, போர்க்காலத்தில் தம் படுக்கையறையிலேயே கோழிக்கருவை ஆராய்ந்தவர் அவர். 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார்.