சிகிச்சைக்குப் பின் தறிக்குத் திரும்புதல்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் புத்தகங்களை நாம் பார்வையிட்டபோது, அங்கத்தினர் ஒருவருக்கு ஐந்து மாதங்களாகப் பாவு வழங்கப்பெறவில்லை என்று கண்டோம். வழக்கப்படி, ‘செயல்படாத தறி’ என்று குறிப்பெழுதினோம். அவ்வம்மையார் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். தறியில் அமர அவருக்கு விருப்பம் இருந்தது. எவ்வாறு தொடங்குவது என்று சொல்வார்தாம் இல்லை. நமது குறிப்பு நிலைத்திருப்பின் அவருடைய தறி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். குறிப்பைத் திருத்தினோம். அத்துடன் நின்றுவிடாமல், இத்தகையோர் அறிய வேண்டுவனவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

புற்றுநோய் என்றாலே வாழ்வு முடிந்தது என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. அன்று தொட்டுச் சிகிச்சை முறைகள் பெரிதும் வளர்ந்துள்ளன. ஆரம்ப நிலையிலே கண்டு சிகிச்சை பெற்றோர் பலர் நெடுங்காலம் வாழ்ந்து தொழில் புரிகின்றனர். ஆகவே, பிழைப்போமா என்னும் கேள்விக்கு அடுத்தபடியாக, பிழைப்புக்கு என்ன வழி என்னும் கேள்வியும் எழுகின்றது.

மார்பக அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றையோ பலவற்றையோ அகற்றுவதுண்டு. கையிலிருந்து திரும்பும் நிணநீர் இக்கணுக்களின் வழியாகவே வடிகின்றது. வாய்க்காலின் மடை அடைபட்டால் வயலில் நீர் தேங்குவது போல, கணுக்கள் குறைந்தால் கையில் நீர் தேங்கி வீக்கம் காணலாம். இது சில மாதங்களிலும் வரலாம்; சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். எல்லோருக்கும் வருவதன்று. மற்றொரு தொல்லை தோளின் இறுக்கம். வலிக்கு அஞ்சிக் கையை அசையாது வைத்திருப்பின் தழும்பு இறுகித் தோள் பிடித்துக்கொள்ளும். ஆதலால் மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளை நாள் தவறாது செய்தல் வேண்டும். சுவரில் விரல்களை ஊன்றிச் சிறிது சிறிதாக மேலே ஏற்றுவது அவற்றுள் எளியது.

அக்கையால் இனிப் பாரமே தூக்கலாகாது என்பது பழைய அபிப்பிராயம். 2009-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு மாறான முடிவைத் தந்தது. கைவீக்கம் உடைய பெண்கள், தக்க மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கிப் பழகியும் வீக்கம் மிகவில்லை. படிப்படியாக என்பதே இங்குப் பிரதானம். முதல் சில வாரங்களில் கனமான பொருளைத் தூக்குதல் கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

குழித்தறியில் ஒரு கை விசைக்கயிற்றை இழுக்கின்றது. மற்றொரு கை பலகையை ஆட்டி ஊடையை அடிக்கின்றது. இரண்டும் தோளின் வேலையே. எனவே முதலில் தார் சுற்றுதல் போன்ற இலேசான வேலையை அரைமணி நேரம் செய்து ஓய்வு கொள்க. பின்னர், அகலம் குறைந்த துண்டு போன்ற சாதாரண நெசவில் அமர்க. கனத்த பட்டுச் சேலைக்கு இறுதியில் வரலாம். மருந்துச் சிகிச்சை பெற்றோர் சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும்; அறுந்த இழையை முடிவது கடினமாகும். இது பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். களைப்பும் பல மாதங்கள் நீடிக்கலாம். இதனைச் சோம்பல் என்று வீட்டார் கருதலாகாது.

பயிரிடுவோர் முள்ளும் அரிவாளும் படாதவாறு கையுறை அணிதல் நலம். மருந்து தெளிக்கும் கருவியின் வாரை அப்பக்கத் தோளில் மாட்டலாகாது. சிறு கீறலையும் உடனே கழுவி மருந்திடுக. கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க. மறுநாள் வரை பொறுத்தல் தகாது.

இனி, சங்கங்களின் கடமை. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களின் சிகிச்சைச் செலவுக்கு உதவுகின்றது. ஆனால் தறி நின்ற நாட்களின் கூலியை அது ஈடுசெய்வதில்லை. நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளிக்கு இதுவே பெரிய இடி. ஆகவே நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைச் செய்யலாம். அங்கத்தினரின் தறியையும் பெயரையும் காத்து வைக்கலாம். முழுப் பாவுக்குப் பதிலாகச் சிறு பாவு தந்து, துணி ஒப்படைக்கும் தவணையை நீட்டலாம். மறுபரிசோதனைக்குச் செல்லும் நாட்களைக் குறையாகக் கொள்ளாதிருக்கலாம்.

புற்றுநோய் தொற்றுநோயன்று. அவர் தொட்ட தாரைத் தொடுவதாலோ, அருகில் அமர்வதாலோ ஒருவருக்கும் வாராது. இதனைச் சங்கக் கூட்டத்திலே வெளிப்படையாகச் சொல்லுதல் அவசியம்.

நாம் முன்னர்க் கூறிய அம்மையார் இப்போது காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நெய்கின்றார். அளவு குறைவே, ஆயினும் அவர் பெயருக்கு எதிரே மீண்டும் கூலி எழுதப்படுகின்றது. உங்கள் சங்கப் புத்தகத்திலும் வெறுமையாய்க் கிடக்கும் பெயர் ஏதேனும் இருப்பின், அதை அடிப்பதற்கு முன் அவ்வீட்டு வாயிலுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.