இத்தாலியிலிருந்து வரும் பதிவுத்தபால்

சுவிஸில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இத்தாலி தூரமில்லை. கோத்தார்ட் சுரங்கப்பாதையின் 17 கிலோமீட்டரைக் கடந்து தெற்கே இறங்கினால் லுகானோ, அதற்கப்பால் கியாஸோ எல்லை, பிறகு மிலானோ. பொலோஞாவில் கலியாணம், ஜெனோவாவில் சாமத்தியவீடு, பாதுவாவில் அந்தோனியார் கோயில் என்று போவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். போய்வந்து பத்து மாதம் கழித்து, பயணமே மறந்துபோன ஒரு நாளில், தபால்காரர் கையெழுத்துக் கேட்டு ஒரு உறையை நீட்டுவார்.

நான் பேர்ண் மாநிலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் லுகானோவில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்ததால் இத்தாலி மொழியும் கைவந்தது. “அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்று என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வாகனத் தண்டப்பணம் பற்றியவைதான்.

எல்லோரும் முதலில் கேட்பது, “இவ்வளவு பிந்தி வந்தால் இது செல்லாதுதானே?” செல்லும். இத்தாலிச் சட்டப்படி உள்நாட்டில் இருப்பவருக்கு 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கோ 360 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஒரு வருடம் முடியும் தறுவாயில் வரும் கடிதமும் சட்டப்படி சரியான கடிதமே.

இரண்டாவது கேள்வி: “நான் வேகமாக ஓடவில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை. பிறகு என்ன குற்றம்?” கடிதத்தில் இசட்.டி.எல். என்ற மூன்றெழுத்து இருந்தால் விடை அதில் இருக்கிறது. பழைய நகர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வாகனம் நுழையக்கூடாது என்ற ஏற்பாடு அது. பிளோரன்ஸ், பீசா, சியெனா, ரோமாபுரி, பொலோஞா, பாதுவா எல்லாவற்றிலும் உண்டு. அங்குள்ள ஒழுங்கைகள் குதிரையும் கைவண்டியும் போன காலத்தில் போடப்பட்டவை. கோடையில் வரும் சுற்றுலா வாகனங்களையெல்லாம் உள்ளே விட்டால் அங்கே குடியிருக்கும் கிழவி வாசலில் கால் வைக்க முடியாது. ஏற்பாடு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது காவலாளி இல்லாத வாசல். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, அதற்குக் கீழே நேரங்கள், மேலே ஒரு கமரா. அவ்வளவுதான். முன்னால் போன வாகனத்தைப் பின்தொடர்ந்தோம் என்கிறார்கள். முன்னால் போனவர் அனுமதி பெற்ற உள்ளூர்வாசி. வழிகாட்டிச் செயலி காட்டிய பாதைதான் என்கிறார்கள். செயலி தண்டப்பணம் கட்டப்போவதில்லை.

மிலானோ கொஞ்சம் வேறு. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘ஏரியா சி’ என்ற நடுநகர் வலயத்துக்குள் வேலைநாட்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை 7.50 யூரோ கட்டிவிட்டுப் போகலாம். பழைய டீசல் வாகனம் சிலவற்றுக்குக் காசு கட்டினாலும் அனுமதியில்லை. மிலானோவில் பழகியவர்கள் மற்ற நகரங்களிலும் காசு கட்டிவிடலாம் என்று நினைத்து நுழைகிறார்கள். பிளோரன்ஸில் அப்படிக் கட்டி நுழைய வழியில்லை.

பீல் நகரத்துத் தம்பி ஒருவர், பொலோஞாவில் கலியாணம் முடித்து, அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பிளோரன்ஸும் பீசாவும் காட்டிவிட்டு வந்தவர். இரண்டு நகரசபையும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பியிருந்தன. இசட்.டி.எல். தண்டத்தின் அடிப்படைத் தொகை 83 யூரோ. கடிதம் கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 வீதம் கழிவு, அதாவது 58.10 யூரோ. அறுபது நாள் வரை 83. அதற்குப் பிறகு உச்சத் தொகையான 332 யூரோவில் பாதி, 166. இவற்றோடு தபால், விசாரணைச் செலவும் சேரும். அவர் கடிதங்களைப் பிரிக்காமல் மூன்று மாதம் அலுமாரியில் வைத்திருந்தார். செலவு நீங்கலாக 116 யூரோ 20 சதத்தில் முடிந்திருக்க வேண்டியது 332 யூரோவாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு சமையல்காரருக்கு அந்த வித்தியாசம் சின்னக் காசில்லை. அதை வாசித்துச் சொன்னபோது எனக்கே மனம் கனத்தது.

காசு அனுப்பும்போது கடித இலக்கம், வாகன இலக்கம், திகதி மூன்றையும் எழுத வேண்டும். வங்கி இடையில் கழித்துக்கொண்டு தொகை குறைந்து போய்ச் சேர்ந்தால், அதை முற்பணமாக எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்பார்கள்.

கடிதம் பிழையாகவும் வரலாம். இலக்கத்தகட்டைக் கமரா மாறி வாசித்திருக்கலாம். வாகனத்தை ஏற்கெனவே விற்றிருக்கலாம். இசட்.டி.எல். வலயத்துக்குள் இருக்கும் ஹோட்டல்கள் தங்குபவரின் இலக்கத்தைப் பதிந்து அனுமதி எடுத்துத் தர முடியும். பேர்ணில் ஓர் அக்கா அப்படித் தங்கியவர். அந்த ஹோட்டல் பதிய மறந்துவிட்டது. முன்பதிவுக் கடிதமும் பணம் கட்டிய சீட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவற்றோடு ‘பிரெஃபெத்தோ’ என்ற அரச அதிகாரிக்கு எழுதினோம், தண்டம் நீக்கப்பட்டது. இந்த முறையீட்டுக்குக் கட்டணமில்லை, 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் முதலில் காசைக் கட்டிவிட்டால் முறையிட முடியாது. முறையீடு தள்ளப்பட்டால் தொகை குறைந்தது இரட்டிப்பாகும். கையில் ஆதாரம் இல்லாமல் கோபத்தில் மட்டும் எழுத வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வது அதனால்தான்.

வேகத்துக்கு வரும் கடிதம் என்றால் கூடவே ஒரு படிவம் இருக்கலாம்: அன்று வாகனம் ஓட்டியது யார்? அதை நிரப்பாமல் விட்டால் அதற்கு வேறாக ஒரு தண்டம், அதுவும் பெரிய தொகை. சுவிஸ் நெடுஞ்சாலையில் 120 ஓடிப் பழகியவர்கள் அங்கே 130 என்று சந்தோஷப்படுகிறார்கள். மழை பெய்தால் அது 110 என்பது பலருக்குத் தெரியாது.

வாடகை வாகனம் எடுத்தவரின் வங்கி அட்டையில் முதலில் கழிவது, அவருடைய பெயர் விலாசத்தைப் பொலிஸுக்குக் கொடுத்ததற்கு நிறுவனம் எடுக்கும் கட்டணம். தண்டப்பணம் அதற்குப் பிறகுதான் வரும். இன்னொன்று: கோமோ, வரேசே பக்கத்து ஏ36 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கமரா படம் பிடிக்கும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். ‘தண்டப்பணம் கட்ட இங்கே அழுத்துங்கள்’ என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி, தொடாமல் அழித்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தண்டம் எல்லை தாண்டாது என்று சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டு இழந்தவர்களை நான் அறிவேன். ஜெர்மனிக்கும் சுவிஸுக்கும் இடையிலான புதிய பொலிஸ் ஒப்பந்தம் 2024 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: குறைந்தது 70 யூரோ அல்லது 80 பிராங்கான தண்டத்தை ஒரு நாட்டுக்காக மற்ற நாடு அறவிடலாம். ஜெர்மனியின் சிங்கனுக்கும் லோராக்குக்கும் சாமான் வாங்கப் போகிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். இத்தாலியத் தண்டமோ ஐந்து வருடம் காலாவதியாகாது. அதற்குள் ஒரு கலியாணத்துக்காவது நீங்கள் மறுபடி அங்கே போகத்தான் போகிறீர்கள்.

இந்தக் கோடையில் புறப்படுகிறவர்கள் வாகனத்தை நகருக்கு வெளியே தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ட்ராமிலோ பஸ்ஸிலோ உள்ளே போங்கள். ஹோட்டல் உள்ளே இருந்தால் உங்கள் இலக்கத்தை எழுத்தில் அனுப்பி, பதிந்துவிட்டோம் என்ற பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அந்தப் பதிலை ஒரு வருடம் அழிக்காதீர்கள். பதிவுத்தபால் வந்தால் அன்றே பிரியுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அந்த ஐந்து நாட்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டா.