கால் நாடிப் படமும் அங்கநீக்கமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகள் யாருடைய உடம்பை, யாருடைய தேவைக்காக நோக்கின என்ற வினா அருகியே எழுப்பப்படுகின்றது. காலின் குருதி நாடிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன் படம்பிடிக்கும் முறையை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

1895 நவம்பரில் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜென் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் எலும்பைக் காட்டின, நாடியைக் காட்டவில்லை. குருதியும் தசையும் அக்கதிர்களை ஏறத்தாழ ஒரே அளவில் ஊடுசெல்ல விடுவதே காரணம். (தமது கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோராமை இன்று நினைவுகூரத்தக்கது.) ஆகவே கதிரை மறிக்கும் பொருளொன்றை நாடியுட் செலுத்த வேண்டியதாயிற்று. 1896 சனவரியிலேயே வியன்னாவில் ஹஷெக், லின்டென்தால் ஆகியோர் துண்டிக்கப்பட்ட கையொன்றில் இதனைச் செய்துகாட்டினர். உயிருள்ளவரின் கால் நாடியைக் காணும் முறையைச் செயின்ற் லூயிஸ் நகரிலிருந்து பார்ணி புறூக்ஸ் 1924இல் வெளியிட்டார். 1929இல் லிஸ்பனில் டொஸ் சான்டோஸ் பெருநாடியையே படத்திற் கொணர்ந்தார்.

நடக்கையில் வலித்து நின்றதும் தணியும் கெண்டைக்கால், ஆறாத புண், கருகும் விரல் என்பன நாடி அடைபட்டதை உணர்த்தும் குறிகள். ஆயினும் அடைப்பின் நீளம் எவ்வளவு, அதற்கப்பால் குருதியை ஏற்கத்தக்க நாடி எஞ்சியுள்ளதா என்பவற்றை அவை முழுமையாகக் கூறா. இவை தெரியாதவிடத்து முடிவு பெரும்பாலும் காலைத் துண்டிப்பதாகவே இருந்தது. உடலுழைப்பால் வாழ்பவனுக்குக் காலிழத்தல் தொழிலிழத்தலுமாகும். 1948இல் பாரிசில் குன்லின், நோயாளியின் நாளத்தைக் கொண்டே அடைப்பைச் சுற்றிப் புதுவழி சமைத்தார். அதன்பின் படம் வெறும் சான்றாக அமையாது, வெட்டுவதா காப்பதா என்பதை நிர்ணயிக்கும் ஆவணமாயிற்று.

இவ்வளர்ச்சி முரண்பாடற்றதன்று. தெளிவான படம் தந்தமையால் 1930களில் பரவிய தோறோதிராஸ்ற் என்னும் மருந்தில் தோரியம் இருந்தது. அது ஈரலிலே தங்கிக் கதிர்வீசி, பல்லாண்டுகளின் பின் புற்றுநோயை விளைவித்தது. அந்த விலையைக் கொடுத்தோர் நோயாளிகளே.

தொழிற்பிரிவினையும் இங்குக் குறுக்கிட்டது. 1964 சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போட்லன்ட் நகரில், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டியொருவரின் சுருங்கிய தொடை நாடியைக் கதிரியலாளர் சாள்ஸ் டொற்றர் நுண்குழாய்களாலேயே விரித்தார். கால் தப்பியது. படம்பிடிப்பவர் சிகிச்சையிலும் இறங்கியதைச் சத்திரசிகிச்சையாளர் பலர் விரும்பவில்லை. படமெடுத்தால் மட்டும் போதும், திருத்த முயலவேண்டாம் எனக் குறிப்பெழுதி நோயாளியை அவரிடம் அனுப்பியோரும் உளர். தத்தம் துறையின் எல்லை காக்கும் இம்மனப்பான்மை எமது இலக்கிய ஆய்வுலகுக்கும் புதிதன்று.

இன்று சி.ரி., எம்.ஆர்.ஐ. கருவிகள் நாடியை முப்பரிமாணத்திற் காட்டுகின்றன. அவை உள்ள வைத்தியசாலையை அடைய எல்லோராலும் இயல்வதில்லை. மேலும், இத்தகைய படம் மிகவும் தேவைப்படுவோருள் நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தோர் பலர், சி.ரி. படத்துக்குச் செலுத்தப்படும் அயடீன் மருந்து அச்சிறுநீரகத்துக்கே ஊறு செய்யக்கூடும். டொப்ளர் கழியொலிக்கு மருந்தும் வேண்டா, கதிரும் வேண்டா. கருவியை நோயாளியின் படுக்கைக்கே கொண்டுசெல்லலாம். எனினும் அதன் பயன் அதனைப் பிடிக்கும் கையின் பயிற்சியிலேயே தங்கியுள்ளது. ஆதலால் கிராமிய வைத்தியசாலைகளுக்குக் கருவியோடு பயிற்சி பெற்றவரும் சென்றடைந்தனரா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.