வடித்த நீரும் வாங்கும் கலனும்



மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலப் பெருவிழாக்களுக்குச் சென்றோர் அவ்வூர் மணலை மறந்திரார். கடலுக்கும் புத்தளம் வாவிக்கும் இடையே கிடக்கும் அக்கற்பிட்டிக் குடாநாட்டில், மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும்.

மணல் நீரை மட்டுமா உள்வாங்கும்? வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் உரத்திலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும், நைத்திரேற்று என்னும் பொருள் நீரோடு கரைந்து கிணற்றை அடைகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. மிகுந்தால், அந்நீரில் கரைத்த பால்மாவை உண்ணும் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

கொதிக்கவைத்தால் தீராதோ எனக் கேட்பீர்கள். கிருமி மடியும், நைத்திரேற்று மடியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். நம் பாட்டிமார் தந்த அறிவுரை இவ்விடத்தில் பாதி வழியே வருகின்றது.

ஆதலின் கலன்களில் நீர் நிரப்பித் தரும் நிலையங்கள் வேண்டியனவே. அங்கே நுண்ணிய சவ்வினூடே நீரை அழுத்திச் செலுத்துவதால் உப்பும் நைத்திரேற்றும் பெரிதும் நீங்குகின்றன. ஆயினும் சவ்வு பழுதுற்றால் நாவுக்குத் தெரியாது. இறுதியாக நீரைப் பரிசோதித்த அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள், கேட்பது குற்றமன்று.

மற்றொன்று. நகரக் குழாய்நீரில் எஞ்சிநிற்கும் குளோரீன், வழியிற் புகும் கிருமியைக் கொல்லும். வடித்த நீரில் பெரும்பாலும் அக்காவல் இல்லை. மணலிற் கிடந்த நிரப்புகுழாயோ, கழுவாத கலனோ, உள்ளே நுழைந்த கைவிரலோ அதனைக் கெடுத்துவிடும். எமது பாடசாலையில் இத்தகைய நீரை வாயகன்ற வாளியில் ஊற்றி, ஒரே குவளையால் மாணவர் மொண்டு குடித்ததைப் பல நாள் கண்டும் காணாதிருந்தவன் நான். குழாய் பொருத்திய மூடுகலன் பின்னரே வந்தது.

கலனைச் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்து, கிணற்று நீரால் அன்றி வடித்த நீராலேயே இறுதியாக அலசுங்கள். உட்புறம் கீறலோ பச்சைப் படிவோ கண்டால் கழித்துவிடுங்கள். வெயிலில் வையாதீர்கள். கைக்குழந்தைக்காயின், வடித்த நீரையே கொதிக்கவைத்து, ஆறவைத்துப் புகட்டுங்கள்.