76/75

2003 ஜூலையில் சிஸ்கோ கருவிகளோடு மல்லாடியவர்களுக்கு இந்த எண் மறந்திருக்காது. ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ என்று அடித்தால் வரும் நீண்ட விவரத்தில் உள்வரிசைக்கு ஒரு வரி உண்டு. சாதாரண நாளில் 0/75 என்றோ 2/75 என்றோ இருக்கும். எழுபத்தைந்து பாக்கெட்டுக்கு இடம், இரண்டு காத்திருக்கிறது என்று பொருள். பாதிக்கப்பட்ட கருவியில் அது 76/75க்குப் போய் அங்கேயே நின்றது. போர்ட் ‘அப்’ என்றுதான் காட்டியது. கருவி விழவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அந்த போர்ட் வழியாக மட்டும் ஒன்றும் உள்ளே நுழைய முடியவில்லை.

நெறிமுறை எண் 53, 55, 77, 103 கொண்ட, அபூர்வமாகப் புழங்கும் சில ஐபி பாக்கெட்டுகள்தான் காரணம். கருவியே கையாள வேண்டிய வகையில் அவை வந்தால், சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ் அவற்றை வரிசையில் வைத்தது, திரும்ப எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தங்கி வரிசை நிரம்பியதும் ஏஆர்பியும் நுழையவில்லை, ரூட்டிங் செய்திகளும் நுழையவில்லை. வரிசையின் அளவைக் கூட்டிச் சற்று நேரம் சமாளிக்கலாம். அடைப்பு நீங்க ரீலோடுதான் வழி.

ரீலோடு கொடுத்தால் சரியாகிவிடும். அதுதான் அந்தக் காலத்தின் மருந்து, நோயும் அதுதான். பழைய ஐஓஎஸ் ஒரே கூரையின் கீழ் எல்லோரும் வாழ்ந்த வீடு. எல்லாப் பிராசஸுக்கும் ஒரே நினைவகம். ஒருவர் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்கு சிபியு கிடைக்கும். விடாமல் பிடித்துக்கொண்டவரை ‘சிபியுஹாக்’ என்று லாக் காட்டிக்கொடுக்கும். கூடவே ‘டிரேஸ்பேக்’ என்று பதினாறடிமான எண்கள் ஒரு வரிசை வரும். அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்லும் அட்டவணை, கருவி செய்த கம்பெனியிடம் இருந்தது. நாம் எண்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். லாக் இருந்த இடமோ ரேம். பல கருவிகளில் அதற்கு ஒதுக்கியது வெறும் 4096 பைட். ரீலோடு ஆனதும் அந்தக் குறிப்பும் போய்விடும். வரிசையில் தங்கிய பாக்கெட்டுகளைத் திறந்து காட்டும் கட்டளை அப்போதும் இருந்தது. ஆனால் நள்ளிரவில் வங்கிக் கிளைகள் எல்லாம் இருட்டில் நிற்கும்போது அதை அடித்துப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்? சுவிட்ச் எழுந்துவிட்டது, எல்லோரும் தூங்கப் போனார்கள். மறுவாரம் அதே கோளாறு வந்தது.

பிறகு வீடு பிரிந்தது. 2008இல் சிஸ்கோவின் நெக்சஸ் 7000 சுவிட்ச் வந்தபோது உள்ளே இருந்த என்எக்ஸ்-ஓஎஸ், லினக்ஸ் மேல் எழுப்பியது. ஸ்பானிங் ட்ரீக்கு ஒரு பிராசஸ், எஸ்என்எம்பிக்கு ஒன்று, ஓஎஸ்பிஎஃப்புக்கு ஒன்று. ஒன்று விழுந்தால் மற்றது விழாது. ஒருவரோடு ஒருவர் பேச எம்டிஎஸ் என்ற உள்தபால். அரசு அலுவலகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தபால் தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சாப் என்று ஓர் எண். கோளாறு வாசலை விட்டு அலுவலகத்துக்குள் வந்தது இப்படித்தான். இப்போது நிரம்புவது போர்ட்டின் வரிசை அல்ல, மேசைத் தட்டு.

இங்கேதான் பலர் வழி தவறுவதைப் பார்க்கிறேன். தட்டு நிரம்பினால் ‘இடமில்லை’ என்று கெர்னல் லாகில் வரும். அதை ஓலமிட வைப்பது கடிதம் போட முடியாமல் திரும்பிய ஆள். அவர் பெயரை முதலில் பார்த்துவிட்டு அவரையே குற்றவாளியாக்கி, அந்தப் பிராசஸை எழுப்பி உட்கார வைக்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் தட்டுக்குச் சொந்தக்காரர் பக்கம். அவரும் சும்மா இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. கண்காணிப்பு சர்வர் ஒன்று எஸ்என்எம்பி கேள்விகளை வாரி இறைக்கிறது; எஸ்என்எம்பி பிராசஸ் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மேசையிடம் பதில் கேட்டுக் காத்திருக்கிறது; அந்த மேசை மெதுவாக இருந்தால் எஸ்என்எம்பியின் தட்டு வழிகிறது. எஸ்என்எம்பியை மறுபடி தொடங்கினால் ஒரு மணி நேரம் நிம்மதி. சர்வரின் கேள்வி வேகத்தைக் குறைத்தாலோ, மெதுவான மேசையைக் கவனித்தாலோதான் தீரும்.

இதைக் கண்டுபிடிக்க இன்று கருவியே உதவுகிறது. எம்டிஎஸ் பஃபர் விவரத்தைக் கேட்டால் ஒவ்வொரு கடிதத்தின் வயதும் மில்லிசெகண்டில் வருகிறது: யார் அனுப்பினார், யாருக்கு, என்ன வகை, எத்தனை நேரமாகக் கிடக்கிறது. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம் இந்த வயது. நூறு கடிதம் இருந்தாலும் எல்லாம் இளசு என்றால் அது பரபரப்பான மேசை. மூன்றே கடிதம் இருந்து அவற்றின் வயது ஏறிக்கொண்டே போனால், அந்த மேசையில் ஆள் இல்லை. இன்னொன்றும் உண்டு. ‘பெர்சிஸ்டென்ட்’ வரிசையில் இருக்கும் கடிதம், பிராசஸ் விழுந்து எழுந்தாலும் அழியாது. எழுந்தவர் கையில் முதலில் கிடைப்பது, அவரை விழவைத்த அதே கடிதமாகவும் இருக்கலாம். மறுதொடக்கம் பலிக்காத சமயத்தில் இதை நினைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அரிஸ்டாவின் இஓஎஸ், தபாலையே குறைத்து நடுவில் சிஸ்டிபி என்ற ஒரே பதிவேட்டை வைத்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் திறந்த மூலமாக வெளியிட்ட சோனிக், ரெடிஸ் தரவுத்தளத்தை நடுவில் நிறுத்தியது. இங்கே எல்லா இடத்திலும் கடிதம் குவிவதில்லை. சில தட்டுகளில் பழைய நிலையின் மேல் புதிய நிலை எழுதப்பட்டுவிடும். அதனால் ‘இடமில்லை’ என்ற ஓலமும் கேட்காமல் போகலாம். சோனிக்கில் கோளாறு வந்தால், ரூட் பயன்பாட்டுத் தரவுத்தளத்தில் இருக்கும், சிப்புக்கான தரவுத்தளத்தில் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க சோனிக்கிலேயே ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. சிப்பிடம் சொன்ன ஒவ்வொரு வேலையும், உருவாக்கியது, மாற்றியது, நீக்கியது என்று நேரத்தோடு ‘சாய்ரெடிஸ்’ பதிவில் வரிவரியாக இருக்கும். பழைய ஐஓஎஸ்ஸில் 4096 பைட்டைப் பார்த்து ஊகித்தவனுக்கு இது பெரும் செல்வம். ஒரே குறை, பதிவு பெருகும் வேகத்தில் பழையது சுழன்று அழிந்தும் போகிறது.

கருவிகள் இவ்வளவு மாறியும் கை மட்டும் மாறவில்லை. அழைப்பு வந்ததும் அது இன்னும் ரீலோடுக்குத்தான் போகிறது. பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான். ரீலோடு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பஃபர் விவரத்தை ஒரு முறை எடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டையும் கருவிக்கு வெளியே சேமியுங்கள். எந்தக் கடிதத்தின் வயது அறுபதாயிரம் ஏறியிருக்கிறதோ, அது கிடக்கும் தட்டில் தேடத் தொடங்குங்கள்.