சாவிக்கொத்து யார் கையில்?

வீட்டுக்குப் புதிதாக ஒரு சமையற்காரரை வைக்கிறோம். எத்தனை விசாரணை செய்கிறோம்! எந்த ஊர், முன்பு எந்த வீட்டில் இருந்தார், ஏன் விலகினார் என்று குடைந்துவிட மாட்டோமா? ஆனால் கடைக் கணக்கு, பாங்கு விவரம், வாடிக்கைக்காரர்களின் டெலிபோன் நம்பர் எல்லாம் அடங்கிய கம்ப்யூட்டரை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, "மாதம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். வேடிக்கையாக இல்லை?

'இது ஆண்கள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவரே ஒரு பெண்மணிதான்.

கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகர். அரிசி ஆலைகளுக்குப் பெயர் போனது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் கொண்டு வரும் சாமையையும் கடுக்காயையும் புளியையும் எடை போட்டு வாங்கும் ஒரு மண்டியில், கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார் அந்த அம்மாள்.

"ஒருநாள் காலையில கம்ப்யூட்டரைப் போட்டா ஒரு கணக்கும் திறக்கல, தம்பி. பணம் கட்டினாத்தான் திறப்போம்னு திரையில ஒரு மிரட்டல். வாசல்ல மலைக்காரங்க இருபது பேர் மூட்டைப் பணத்துக்கு நிக்கிறாங்க. யாருக்கு எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது?"

"பிரதி எடுத்து வைக்கவில்லையா, அம்மா?"

"வச்சிருந்தோம். அந்த டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டர்லயே எந்நேரமும் சொருகிக் கிடந்துச்சு. அதுவும் சேர்ந்து பூட்டிக்கிச்சு!"

பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டி மேலேயே வைத்த கதைதான். மாமியார் காலத்துப் பழக்கமாக அவர் கையால் எழுதி வந்த சிட்டைப் புத்தகம்தான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. ஒரு குடும்பத்துக்கும் கூலி குறையவில்லை.

பிறகுதான் மாதச் சம்பளத்துக்கு நெட்வொர்க்கையும் பாதுகாப்பையும் கவனிக்கும் கம்பெனிகளை விசாரித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். "இவர், விலை குறைஞ்சவனைப் பார்னார். நான் கேள்வி கேட்டுத்தான் முடிவுன்னேன்" என்றார் அம்மாள். அவர் கேட்டவற்றோடு நான் விசாரித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது: ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள்? 'இருபத்து நாலு மணி நேரக் கண்காணிப்பு' என்று எல்லாரும் சொல்வார்கள். மணி அடிப்பது வேறு, எழுந்து வந்து திருடனைப் பிடிப்பது வேறு. எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் கவனிப்பார் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது: கணக்குக்கு மூன்று பிரதி. இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வெளியிடத்தில், கம்ப்யூட்டரோடு தொடர்பற்று இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிரதியிலிருந்து கணக்கை மீட்டு உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது: சாவிகள். ஆளுக்கொரு தனிப் பாஸ்வேர்ட். அதோடு டெலிபோனில் வரும் இரண்டாவது உறுதிமொழி எண்ணும் வேண்டும். தலைமைப் பாஸ்வேர்டின் பிரதி ஒன்று உறையிலிட்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும். அவர்களிடம் வேலை பார்த்தவர் விலகினால், அன்றே அவருடைய அனுமதி ரத்தாக வேண்டும்.

நான்காவது: காவல்காரர் வீட்டுக்குக் காவல் உண்டா? இது வீண் சந்தேகமல்ல. 2021 ஜூலையில் அமெரிக்காவின் கசேயா என்ற கம்பெனியின் மென்பொருள் வழியே திருடர்கள் நுழைந்தார்கள். பிறர் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் கம்பெனிகள் பயன்படுத்திய மென்பொருள் அது! எங்கோ இருக்கும் ஸ்வீடனில் கல்லா இயந்திரங்கள் நின்று, நூற்றுக்கணக்கான மளிகைக் கடைகள் கதவடைத்தன. நம் நாட்டில், 2024 ஜூலைக் கடைசியில், சிறு பாங்குகளுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து தரும் சி-எட்ஜ் கம்பெனி தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அதன் தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு பாங்குகளின் வாடிக்கைக்காரர்கள் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

ஐந்தாவது: சட்டப்படி யார் தெரிவிப்பது? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-ல் இட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் நடமாட்டப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது யார் பொறுப்பு என்று முன்பே கேட்டுவிடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆறாவது: லைன் அறுந்தால்? இரண்டு இணைப்பு வைப்பது நல்லது. ஆனால் இரண்டு கம்பெனியும் ஒரே கம்பத்தில் வயரைக் கட்டியிருந்தால், இரண்டும் ஒன்றுதான்! ஒன்று கேபிள், மற்றொன்று வேறு கம்பெனியின் சிம் கார்டு என்றிருக்கட்டும்.

கடைசியாக: பிரியும்போது என்ன? கணக்கு, பாஸ்வேர்ட், கடையின் இணையப் பெயர் எல்லாம் உங்கள் பெயரில் இருந்து, உங்களிடம் திரும்ப வேண்டும். கல்யாணப் பேச்சில் பிரிவைப் பேசலாமா என்று கூசாதீர்கள். இது கல்யாணமல்ல, வியாபாரம்.

மூவரில் யாரைத் தேர்ந்தெடுத்தார் அம்மாள்? விலை குறைந்தவரையும் அல்ல, வழவழப்பான புத்தகம் காட்டியவரையும் அல்ல. "திருடனே வரமாட்டான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. வந்தா என்ன செய்வேன்னு காட்டறேன்" என்று சொல்லி, சோதனைக்காக அழித்த ஒரு மாதக் கணக்கை அரை மணியில் மீட்டுக் காட்டிய இளைஞரை!

"இப்போது சிட்டை எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

அம்மாள் சிரித்தார். மேஜை அறையைத் திறந்து காட்டினார். அன்றைய தேதி வரை எழுதியிருந்தது.