மலை மாடும் ஆராய்ச்சியாளர் சங்கமும்

கால்நடை ஆராய்ச்சியாளர்களுக்குத் தனியே ஒரு சங்கம் எதற்கு என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சர்க்காருக்கு இலாகா இருக்கிறது, சர்வகலாசாலை இருக்கிறது, ஊருக்கு ஊர் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது, இவை போதாவா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை சென்னையிலும் டில்லியிலும் கிடைப்பதைவிட ஏற்காட்டு மலையில் தெளிவாகக் கிடைக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்த வரலாறு பலரும் அறிந்தது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அதைக் கொண்டுவந்து பயிராக்கினார். அன்று முதல் அச்செடிக்கு மரியாதை குறையவில்லை. எந்த ரகம் நோயைத் தாங்கும், எந்த ரகம் தாங்காது என்பதற்கு ஏடு ஏடாகக் கணக்கு உண்டு. ஏற்காட்டிலுள்ள சர்க்கார் ஆர்க்கிட் தோட்டத்தில், மரத்தில் தொற்றி வளரும் செடிக்குக்கூட சாஸ்திரப் பெயர் தெரியும். அதே மலையில் சரிவு நிலத்தை உழுது, எருவும் கொடுத்து, குடியானவன் வீட்டுக் குழந்தைக்குச் சிறிது பாலும் கொடுத்து வந்திருக்கும் சிறிய மாட்டுக்கு என்ன பெயர்? மலையாளிகள் எனப்படும் மலைக்குடிகளைக் கேட்டால் நாட்டு மாடு என்பார்கள். (இவர்கள் கேரளத்தார் அல்லர்; காஞ்சீபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்.) சர்க்கார் ஏட்டிலோ அது இனம் குறிக்கப்படாத மாடு. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் உள்நாட்டு மாடுகள் 14 கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி இப்படிப் பெயரில்லாத கூட்டத்தைச் சேர்ந்தவையே.

பெயரில்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெயரில்லாத பிராணியைக் காப்பாற்ற யாரும் திட்டம் வகுப்பதில்லை. அதை மாற்றிவிடத்தான் திட்டம் வகுப்பார்கள். சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைக்குப் பிரீஷியன் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்து வந்த கலப்பினக் கொள்கையின் சுருக்கம். குடியானவர்கள் சினை ஊசி என்று சொல்லும் செயற்கைக் கருவூட்டலை நம் நாட்டில் முதன்முதலில் செய்து காட்டியவர் சம்பத் குமாரன், இடம் மைசூர் அரண்மனைப் பால் பண்ணை, ஆண்டு 1939. அன்று அது ஓர் அதிசயம். இன்று அந்த ஊசி எந்த மலைக்கும் ஏறும். எந்தக் காளையின் வித்து எந்த மாட்டுக்கு ஏற்றது என்ற அறிவு மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை.

நாம் கலப்பினத்துக்கு விரோதிகள் அல்லோம். தமிழ்நாட்டில் பால் பெருகியதற்கு அது ஒரு முக்கிய காரணம். ஆனால் அதன் குணத்தை உள்ளபடி அறிந்துகொள்ள வேண்டும். நாட்டுப் பசுவுக்கும் அயல்நாட்டுக் காளைக்கும் பிறந்த முதல் தலைமுறை நன்றாகக் கறக்கிறது. அந்தக் கலப்பையே ஒன்றோடொன்று சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் கறவை இறங்குகிறது. சரி, அயல் இரத்தத்தை மேலும் மேலும் ஏற்றினாலோ வெயிலும் உண்ணியும் நோயும் தீவனச் செலவும் குடியானவனை வாட்டுகின்றன. ஆகவே அயல் இரத்தம் பாதியளவில் நிற்க வேண்டும், மிஞ்சினால் 62.5 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. எந்த ஒரு பண்ணையும் இதைத் தனியே கண்டுபிடித்திருக்கவும் முடியாது. ஒரு பண்ணையில் நூறு மாடு இருக்கும்; ஒரு வருஷம் மழை பொய்க்கும்; மறு வருஷம் கோமாரி வரும். பல பண்ணைகளின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அதற்கு எல்லாப் பண்ணையிலும் ஒரே மாதிரி அளந்திருக்க வேண்டும். தோற்றுப்போன சோதனையையும் மறைக்காமல் எழுதியிருக்க வேண்டும். இங்கேதான் சங்கம் அவசியமாகிறது. இலாகா என்பது ஏணி. மேற்படியில் நிற்பவரின் திட்டம் பலிக்கவில்லை என்று கீழ்ப்படியில் நிற்பவர் சொல்லத் தயங்குவார். சங்கத்தில் டைரக்டரும் நேற்று வேலைக்கு வந்த உதவி ஆராய்ச்சியாளரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அங்கே பதவியைக் கேட்பதில்லை, கணக்கைத்தான் கேட்பார்கள். அவ்வாறு கேட்காத சங்கம் சங்கமல்ல.

அமெரிக்காவில் 1908-ஆம் ஆண்டு கால்நடைத் தீவன ஆராய்ச்சியாளர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். ஆர்ம்ஸ்பி என்ற தீவன சாஸ்திரி அதன் முதல் தலைவர். ஒரு நிலையத்தின் சோதனையை மற்றொரு நிலையத்தின் சோதனையோடு ஒப்பிட முடியாதபடி ஆளுக்கொரு முறையில் செய்து வந்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே அதன் முதல் கவலை. அமெரிக்க விலங்கின விஞ்ஞானச் சங்கம் என்ற பெயர் 1961-இல்தான் வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் சிக்காகோவில் நடந்த சர்வதேசக் கால்நடைக் கண்காட்சியின்போதே தங்கள் வருஷக் கூட்டத்தை வைத்துக்கொண்டார்கள். வளர்க்கிறவனும் வாங்குகிறவனும் மாடும் இருக்கும் இடத்தில் விஞ்ஞானமும் இருந்தது. பிரிட்டிஷ்காரரும் யுத்தம் ஓயாத 1944-இல் இப்படி ஒரு சங்கம் அமைத்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. 1927-இல் பெங்களூரில் தேக அசௌகரியத்துக்காகத் தங்கியிருந்த மகாத்மா அங்குள்ள பால் பண்ணை ஸ்தாபனத்துக்கு மாணவரைப்போல் சென்று கற்றார். பதிவேட்டில் தம்மைச் சபர்மதிக் குடியானவராகக் குறித்துக்கொண்டார். பசுவைக் காக்கப் பக்தி மட்டும் போதாது, தீவனமும் இனவிருத்தியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தியப் பால்பண்ணைச் சங்கம் 1948-இல் தோன்றியது. நாட்டு இனங்களின் பாதுகாப்புக்கென்றே கர்னாலில் ஆராய்ச்சியாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. 1984-இல் ஏற்பட்டு இப்போது அதே ஊரில் இயங்கும் தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் இனங்களுக்குப் பதிவெண் வழங்குகிறது. பெயரில்லாத மாடே நாட்டில் இல்லை என்று ஆக்கிவிட வேண்டுமென்று அப்பணியகம் 2021-இல் ஓர் இயக்கமும் தொடங்கியது.

பெயர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் ஜில்லாவிலேயே அத்தாட்சி உண்டு. மலையிலிருந்து இறங்கி மேற்கே போனால் மேச்சேரி. அங்குள்ள வெளிர் பழுப்பு நிறச் செம்மறிக்குக் கிடாயிலும் கொம்பில்லை, உடம்பில் கம்பளியும் இல்லை. பார்வைக்கு எளிய பிராணி. ஆனால் அதன் தோல் மிக உயர்ந்த தரம் என்று தோல் வியாபாரிகள் மதிக்கிறார்கள். பொட்டனேரியில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அளந்தார்கள், எழுதினார்கள், பொறுக்கிய கிடாக்களை வளர்ப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். சேலம் கறுப்பு வெள்ளாடும் பதிவாகிவிட்டது. அண்டையிலுள்ள பர்கூர் மலை மாட்டுக்கும் பெயரும் பதிவும் உண்டு. சேர்வராயன் மலை மாடு மட்டும் எவர் கணக்கிலும் சேராமல் நிற்கிறது.

அது தனி இனம்தான் என்று நாம் சாதிக்கவில்லை. அளந்து பார்த்தால் காவேரிக்கரை ஆலம்பாடி மாட்டின் கிளையாகவும் இருக்கலாம். பல திசை மாடுகள் கலந்த கலவையாகவும் இருக்கலாம். எதுவாயினும் அதைத் துணிந்து சொல்லும் யோக்கியதை அளந்தவர்களுக்கே உண்டு. அபிமானத்தால் இனம் உண்டாகாது. அலட்சியத்தால் இனம் இல்லாமலும் போகாது. ஆனால் பிரீஷியன் வித்து ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறிக்கொண்டே போனால், அளப்பதற்கு மாடு மிஞ்சாது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் காரியத்தைச் சங்கம் எடுத்துக்கொள்ளத் தகுந்த வசதிகள் இப்போது இருக்கின்றன. 2021-இல் தலைவாசலில் பல நூறு ஏக்கரில் ஒரு பெரிய கால்நடை ஆராய்ச்சி ஸ்தாபனமும் கல்லூரியும் திறக்கப்பட்டன. சங்கங்களின் மகாநாடுகளோ பெரும்பாலும் பட்டணத்து மண்டபங்களில் கூடி, இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் அச்சிட்டுக் கலைகின்றன. மலைக்கு வரும்போதுகூட விஞ்ஞானிகள் காற்று வாங்கத்தான் வருகிறார்கள். ஏற்காட்டுக் கோடை விழாவில் நாய்க் கண்காட்சிக்குக் கூட்டம் நெருக்குகிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. நாயும் நல்ல பிராணிதான். அந்த மைதானத்தில் மலைக்குடியானவனின் எருதுக்கும் ஒரு முளை அடித்துக் கொடுத்தால் குற்றமா?

மலைக்குடிகள் ஆயிரக்கணக்கில் கூடும் சேர்வராயன் கோவில் திருவிழா மே மாதத்தில் வருகிறது. சங்கத்தார் அப்போது தங்கள் கூட்டங்களில் ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளட்டும். மாட்டுக்காரரைக் கட்டுரைக்கு விஷயமாக மட்டும் பாராமல், சாட்சி சொல்லும் பெரியவராக மேடைக்கு அழைக்கட்டும். எந்தப் பசு எத்தனை ஈற்றுத் தாங்கியது, எந்தக் கோடையில் எந்தத் தழையைத் தின்று பிழைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்டதையும் அளந்ததையும் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் கொடுக்கட்டும். உயரமும் மார்புச் சுற்றளவும் எடுக்க ஒரு நாடா, பால் அளக்க ஒரு படி, எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம். ஆரம்பத்துக்கு வேண்டிய சாமான் இவ்வளவே. தலைவாசலிலிருந்து ஏற்காட்டுக்கு அரை நாள் பிரயாணம்.